கூடைக்குள் விரித்த துண்டு

எங்கள் பயிற்சி மையத்து மேடத்துக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் 'பத்து நிமிஷம்'. டீ இடைவேளைக்கு அவர் கொடுப்பது அவ்வளவுதான். பதினோராவது நிமிஷம் யாராவது வராந்தாவில் டம்ளரோடு நின்றால் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். பக்கத்தில் போய் நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இருபது வருஷம் பிள்ளைகளை உருட்டி மிரட்டிய ஆசாமிகளெல்லாம் மீதி டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு உள்ளே ஓடுவார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

நான் அங்கே தட்டச்சர். பயிற்சி என்றாலே எனக்கு ஆகாது. பள்ளிக்கூட ஆசிரியர்கள் வருஷத்துக்கு ஐந்து நாள் எங்கள் மையத்துக்கு வந்து, எப்படிப் பாடம் நடத்துவது என்று கற்றுக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. மேடம் வருவதற்கு முன்னால் அது நடந்த லட்சணம் எனக்குத் தெரியும். கருத்தாளர் என்று ஒருவர் வருவார். பயிற்சிக் கட்டகம் என்கிற புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். பின்வரிசையில் சிலர் விடைத்தாள் திருத்துவார்கள், சிலர் நூல் பின்னுவார்கள், மற்றவர்கள் தூங்குவார்கள். சாயங்காலம் பின்னூட்டப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்பார்கள். செவிடன் காதில் சங்கு. அந்தச் சங்கை ஊதிச் சம்பளம் வாங்கியவர்களில் நானும் ஒருவன், அதை மறைக்கவில்லை.

மேடம் பன்னிரண்டு வருஷம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்தியவர். இந்த மாதிரிப் பயிற்சிகளில் தானும் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலி வாங்கியவர். திட்டமிடும் பொறுப்பைக் கையில் கொடுத்த முதல் நாளே என்னிடம் சொன்னார், "அண்ணா, இங்க வந்துட்டுப் போற ஒவ்வொருத்தரும் நாளைக்கு முதல் பீரியடுல செய்யறதுக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போகணும். ஒண்ணு போதும்." எத்தனை பேர் இப்படிக் கிளம்பி வந்து ஆறு மாதத்தில் அடங்கிப் போனார்கள் என்று எண்ணிக்கொண்டே நான் தலையாட்டினேன்.

ஆனால் அவர் அடங்கவில்லை. கட்டம் போட்ட தாளை மேஜையில் விரித்து, ஐந்து நாளையும் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டி, வண்ணப் பென்சிலால் நிரப்புவார். கருத்தாளர் பேசுவது சிவப்பு, ஆசிரியர்கள் செய்து பார்ப்பது பச்சை. சிவப்பு பச்சையைவிடக் கூடிவிட்டால் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் உட்காரக் கூடாது, நின்றுகொண்டு செய்கிற வேலைதான். கூட்டாளிகள் ஒன்றாக உட்காராமல் இருக்கச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம். நழுவாமல் இருக்க ஒரு நாளைக்கு நான்கு கையெழுத்து. கையெழுத்துப் பதிவேட்டோடு வாசல் மேஜையில் உட்காருவது என் வேலை.

எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்தவருக்குக் கைப்பேசி மட்டும் பிடிபடவில்லை. அணைத்து வையுங்கள் என்றால் அத்தனை பேரும் ஆமாம் என்பார்கள், ஒருவரும் அணைக்க மாட்டார்கள். அப்போதுதான் தன் வீட்டில் அழுக்குத் துணி போட்டு வைக்கும் பிரம்புக் கூடையைக் கழுவி எடுத்து வந்தார். வாசலில் கையெழுத்துப் போட்டதும் போனைச் சத்தமில்லாமல் வைத்துக் கூடையில் போட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் வீட்டில் இருப்பவர்கள் மையத்தின் தொலைபேசிக்குக் கூப்பிடலாம் என்று அந்த எண்ணையும் சுற்றறிக்கையில் சேர்த்தார். முதல் நாள், அதிர்கிற போன்கள் பிரம்பில் பட்டுக் கரகரவென்று மாவு மில் மாதிரி சத்தம் போட்டன. மறுநாள் ஒரு தடித்த நீலத் துண்டைக் கொண்டு வந்து கூடைக்குள் நான்காக மடித்து விரித்தார். சத்தம் நின்றுவிட்டது.

"இனி இடி விழுந்தாலும் கேக்காது மேடம்," என்றேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு.

இரண்டு வருஷம் கூடை நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் வருஷம், பயிற்சியின் மூன்றாம் நாள், இரண்டாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளைப் பற்றிய அமர்வு. கடைசி பஸ் நிறுத்தத்துக்கும் அப்பால் இருக்கும் பள்ளியிலிருந்து ஒரு இரண்டாம் வகுப்பு டீச்சர் வருவார். மெலிந்த உடம்பு. ஆறு வருஷமாக வருகிறார், வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு யாரோ ஏதோ கேட்க, அவர் எழுந்து கரும்பலகைக்குப் போய்விட்டார். "பிள்ளைய ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுவேன். அவன் சொன்னத அப்படியே எழுதிக் காட்டுவேன். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா வெட்டிக் கைல கொடுத்துருவேன். அவன் சொன்னதுதானே, அவனே அடுக்கிருவான்," என்று சொல்லி, செய்து காட்டினார். பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கருத்தாளரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க ஆரம்பித்தார்.

மேடம் வாசலில், என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "அண்ணா, பாருங்க, பேசறாங்க," என்று கிசுகிசுத்தார். கண் மின்னியது. பெற்ற பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கிற முகம்.

அப்போது கூடையில் ஒரு போன் வெளிச்சம் போட்டது. மேலாகத்தான் கிடந்தது. திரையில் 'அப்பா' என்று இருந்தது. கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு நின்றது. மறுபடியும் வெளிச்சம், மறுபடியும் 'அப்பா'. மேடம் குனிந்து பார்த்தார். அது அந்த இரண்டாம் வகுப்பு டீச்சரின் போன் என்று இருவருக்கும் தெரியும், காலையில் கடைசியாக வந்து அதை மேலாக வைத்தது அவர்தான். பலகையில் நின்றவரை ஒரு தரம் பார்த்தார். போனை ஒரு தரம் பார்த்தார்.

"எங்க அத்தையும் இப்படித்தான், டிவி ரிமோட் எங்கன்னு கேக்க நாலு தடவ அடிப்பாங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போனைத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்தார்.

அதன் பிறகு வெளிச்சம் தெரியவில்லை. சத்தம் வராமல் துண்டு பார்த்துக்கொண்டது. நான் பதிவேட்டோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து பலகை வரை போயிருந்தால் பத்து அடி இருக்கும். போகவில்லை. அது என் வேலை இல்லை என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டியவன் நான்.

ஒரு மணிக்கு டீச்சர் வந்து போனை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கூப்பிட்டார். மறுமுனையில் பேசியது பக்கத்து வீட்டுப் பெண்மணி என்று பிறகு தெரிந்தது. டீச்சர் பையைக்கூட எடுக்கவில்லை, ஒரு சக ஆசிரியர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்து வீட்டுக்காரர்கள் தற்செயலாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கதை முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எப்போதும் சொல்வதுதான். ஆனால் சொல்லிவிட்டார்.

மேடம் அன்று மதிய அமர்வை நிறுத்தவில்லை. இரண்டு மணிக்குச் சரியாக ஆரம்பித்தார். பதிவேட்டில் அந்த டீச்சரின் மூன்றாவது, நான்காவது கட்டங்களில் 'அனுமதி' என்று எழுதினார். கையெழுத்து எப்போதும் போல அழகாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் துக்கம் கேட்கப் போனோம். சின்ன வீடு. டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொன்னார், "போன்ல ஒண்ணாம் நம்பர அழுத்திப் பிடிச்சா எனக்கு வரும். அப்பாவுக்கு அது மட்டும்தான் தெரியும். நான்தான் பழக்கி விட்டேன். ஏழு தடவ அழுத்தியிருக்காரு."

மேடம் சொன்ன ஒரே வார்த்தை, "நேரத்துக்குச் சாப்பிடுங்க டீச்சர்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாதி வழியில், "அண்ணா, நீங்க பாத்தீங்கல்ல?" என்றார்.

"எத மேடம்?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது. இரண்டே வார்த்தை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மூஞ்சியில் அறைய வேண்டும் போலிருக்கிறது.

பிறகு ஒரு வருஷம் எங்கள் அலுவலகத்தில் எதுவும் நடக்கவில்லை. எல்லாம் நடந்தது, ஆனால் எதுவும் நடக்கவில்லை. மேடம் சரியாக ஒன்பது மணிக்கு வருவார். கோப்பு நீட்டினால் கையெழுத்து. என்ன கேட்டாலும் "சரி". டீக்காரர் டீயில் சர்க்கரை போட மறந்த நாளும் குடித்தார், இரண்டு தரம் போட்ட நாளும் குடித்தார். இடைவேளை இருபது நிமிஷம் ஆனாலும் வராந்தாவுக்கு வரவில்லை. கடிகாரத்துக்குப் பயந்து ஓடிய ஆசிரியர்கள், கடிகாரம் வராததற்கு இன்னும் அதிகமாகப் பயந்து தாங்களாகவே உள்ளே போனார்கள்.

அவர் கணவர் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்கிற வேலை பார்ப்பவர். ஒரு நாள் மேடம் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தார். என்னைத் தனியாக அழைத்து, "என்ன சார் ஆச்சு ஆபீஸ்ல? வீட்ல எது சொன்னாலும் சரிங்கறா. பொண்ணு படிப்ப மாத்திக்கறேன்னா, அதுக்கும் சரி. எங்கம்மா சும்மா வம்புக்கு இழுத்தாலும் சரி. ஒரு சண்டை போட்டாக்கூடத் தேவல," என்றார். எனக்குத் தெரியாது என்றேன். வாய் ஒரு தடவை பழகிவிட்டால் அப்புறம் சுலபம்.

மேடமே ஒரு நாள் சொன்னார். தாள்களை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல். "அழுகை வந்தா பரவால்லண்ணா. ஒண்ணுமே வரல. மரத்துப் போன கால் மாதிரி இருக்கு. ஊனினா நிக்குது. ஆனா அது என் கால்தானான்னு தெரியல."

ஜன்னலைச் சாத்தினேன். வெயில் அடித்தது, அதனால் சாத்தினேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷப் பயிற்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லா மையங்களிலும் இனிமேல் கைப்பேசிக் கூடை கட்டாயம். எங்கள் மையம்தான் முன்மாதிரி என்று போட்டிருந்தது. 'கூடைக்குள் துணி விரிப்பது நலம்' என்று அதற்கு ஒரு தனி வரி வேறு. அதிகாரி போன் செய்து பாராட்டினார். மேடம், "சரி சார்," என்றார். ரிசீவரை வைத்துவிட்டு வெகு நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார்.

பிறகு திட்டமிட உட்கார்ந்தார். கட்டம் போட்ட தாள் வந்தது, வண்ணப் பென்சில் வரவில்லை. வெறும் கரிப் பென்சில். சிவப்பும் பச்சையும் இல்லாமல் பார்க்க அது ஏதோ சிறைச்சாலை ஜன்னல் மாதிரி இருந்தது. நான்கு பேட்ச், பேட்சுக்கு நாற்பது பேர். மையத்தில் மேடம் நேரில் இருப்பது முதல் இரண்டு பேட்சுக்குத்தான், மற்ற இரண்டையும் வேறொருவர் நடத்துவார். இரண்டாம் வகுப்பு டீச்சரின் பெயரை முதல் பேட்சில் போட்டுத் தட்டச்சு செய்தேன். மூன்றாம் பேட்சுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். மறுநாள் இரண்டுக்கு வந்தது. அதற்கு அடுத்த நாள் நான்குக்குப் போனது. ஒரு பெயர் நகர்ந்தால் பட்டியல் முழுவதும் நகரும். நான் நான்காவது தடவையாக நூற்றறுபது பெயரை அடித்தேன்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், பூனை குட்டிய மாத்தற மாதிரி ஒரு பேர எத்தன இடத்துக்கு மாத்துவீங்க? பேசாம வேற மையத்துக்குத் தள்ளி விட்டுருங்க."

"தள்ளலாம்," என்றார். "தள்ளிட்டா, அப்பா ஏழு தடவ கூப்பிட்டும் நான் எடுக்கலன்னுதானே அவங்க கடைசி வரைக்கும் நெனச்சிட்டிருப்பாங்க? அவங்க எடுக்காம இல்லையேண்ணா. எடுக்க விடாம பண்ணது நான்."

ஒரு வருஷமாக ஒரே அறையில் நடமாடிய விஷயம் இதுதான். சொல்வதா, வேண்டாமா.

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றேன். "அவங்க புகார் எழுதினா விசாரணை வரும். முன்மாதிரின்னு தலைல தூக்கி வெச்ச அதே ஆளுங்க தூக்கிக் கீழ போடுவாங்க. உலைவாய மூடலாம், ஊர்வாய மூட முடியுமா? உங்களையும் என்னையும் தவிர இது யாருக்குத் தெரியும்? நானா இருந்தா சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்ணா," என்றார். கோபமில்லை, கிண்டலில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். "முதல் பேட்ச்லயே போடுங்க."

முதல் நாள் காலை எட்டரைக்கே வாசல் மேஜையைப் போட்டுவிட்டோம். பதிவேடு, பேனா, கூடை. கூடைக்குள் அதே நீலத் துண்டு. சுற்றறிக்கைப்படி. மேடம் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். ஒவ்வொருவரும் வந்து கையெழுத்துப் போட்டுப் போனைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். இருபத்தேழாவது ஆளாக அந்த டீச்சர் வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். போனை எடுத்துக் கூடையில் வைத்தார். திரை மேல் பக்கம் இருக்கும்படி வைத்து, விரலால் ஒரு தரம் நேராக்கினார். பேனாவை எடுத்துக் குனிந்தார்.

"டீச்சர்," என்றார் மேடம். "போன வருஷம் உங்க போன் அடிச்சப்ப நான் பாத்தேன். அப்பான்னு இருந்துச்சு. நீங்க போர்டுல பேசிட்டிருந்தீங்க. நான்தான் கவுத்து வெச்சேன்."

டீச்சர் கையெழுத்தைப் பாதியில் நிறுத்தவில்லை. முழுதும் போட்டு, தேதியும் போட்டார். பேனாவை மூடினார்.

"தெரியும் மேடம். நான் நிமித்தித்தான் வெச்சிருந்தேன். எடுக்கும்போது கவுந்து கெடந்துச்சு." பதிவேட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு. எத்தனாவது தடவ அடிச்சப்ப?"

"ரெண்டாவது."

"அப்புறம் அஞ்சு தடவ அடிச்சிருக்கு. அந்த அஞ்சும் உங்களுக்குக் கேக்கலையா?"

மேடம் கூடையைப் பார்த்தார். பிறகு சொன்னார், "கீழ துண்டு விரிச்சிருந்தேன். சத்தம் வராது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கூடைக்குள் கையை விட்டார். போன்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, துண்டை உருவி எடுத்தார். உதறி, நான்காக மடித்து, மேஜை மேல் மேடத்துக்கு முன்னால் வைத்தார். தன் போனை மறுபடி வெறும் பிரம்பின் மேல் நிமிர்த்தி வைத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சீட்டில் வந்த இடத்தில் உட்கார்ந்தார்.

மேடம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷம் கழித்து அப்போதுதான் அவர் அழுதார். சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே. அடுத்த ஆள் கையெழுத்துப் போட வந்தபோது புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார்," என்றார்.

பத்தே முக்காலுக்குக் கூடை கரகரவென்றது. மேடம் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். போனைத் தூக்கிக்கொண்டு, நடக்கிற அமர்வுக்கு நடுவே புகுந்து, நான்காவது வரிசையில் இருந்த கணக்கு சாரிடம் நீட்டினேன். குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் வேண்டுமா என்று யாரோ கேட்டார்களாம். பதினொன்றரைக்கு மறுபடி, பன்னிரண்டுக்கு மறுபடி. ஐந்து நாளில் முப்பத்தொரு தடவை ஓடினேன். இந்த வயதில் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். பெரும்பாலும் ரிமோட் எங்கே, சாவி எங்கே என்கிற அழைப்புகள்தான். கருத்தாளர் கடுப்பாகிவிட்டார். நான்காம் நாள் பார்வையிட வந்த அதிகாரி, "என்னம்மா இது, சந்தைக்கடையா?" என்று கத்தினார். முன்மாதிரி மையத்தில் துண்டு எங்கே என்று விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்.

பதிலை மேடம் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நடந்ததை நடந்தபடி, எட்டு வரி. கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'அப்போது தட்டச்சரும் அருகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.' அவர் படித்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அதற்கு என்ன வரும் என்று தெரியாது, வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஐந்து நாளும் காலையில் டீச்சர் தன் போனை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். யாருடையது அதிர்ந்தாலும் நானும் மேடமும் முதலில் அதைத்தான் பார்ப்போம். அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.